சுடாத வெயிலை அளக்கும் சில்லு

"இன்னிக்கு மேகமூட்டம்தானே, வெயில் உறைக்கவே இல்லையே!" என்று தலைக்கு ஒரு துண்டுகூடப் போடாமல் மொட்டை மாடியில் வடாம் பிழிய உட்காரும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உறைக்கிற வெயில் வேறு. தோலையும் கண்ணையும் கெடுக்கிற புற ஊதாக் கதிர் வேறு. இது கண்ணுக்கும் தெரியாது, சுடவும் சுடாது. மெல்லிய மேகத்தைத் தாண்டியும் வந்துவிடும். ஊட்டியில்தான் குளிருகிறதே என்கிறீர்களா? ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டியோ 2200 மீட்டருக்கும் மேலே! கண்புரை வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் டாக்டர்கள். அதிலும் குழந்தைகளின் கண்ணுக்குள் பெரியவர்களைவிட அதிகமாகவே புகுந்துவிடுமாம்.

உடம்புக்குத் தெரியாத இதை அளக்கப் பல கருவிகள் உண்டு. அதில் ஒன்றைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏன் தெரியுமா? அதற்குள் இருப்பதெல்லாம் நம் வீட்டுச் சமாசாரம்!

அடுப்படியில் 'டக்'கென்று பொறி விடுகிற காஸ் லைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரி இல்லாமல் அதில் பொறி எப்படி வருகிறது? உள்ளே இருக்கும் ஒரு துண்டின் மேல் விழுகிற அடிதான் மின்சாரமாகிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள். இளையவர் பியர், பிற்பாடு மேரி கியூரி அம்மையாரைக் கைப்பிடித்தவர்! இதைத் திருப்பியும் செய்யலாம். மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும்.

நம் கருவியும் அப்படியொரு படிகச் சில்லுதான். இரண்டு முனையிலும் பேன் சீப்பின் பற்களைப் போல மெல்லிய உலோகக் கோடுகள். ஒரு சீப்பில் மின்சாரம் கொடுத்தால், குளத்தில் கல் போட்ட மாதிரி, படிகத்தின் மேல்பரப்பில் சிற்றலை ஓடும். மறுமுனைச் சீப்பு அதைத் திரும்ப மின்சாரமாக்கும். 1965-ல் கலிபோர்னியாவில் வைட், வோல்ட்மர் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள்.

சரி, இதில் வெயில் எங்கே வந்தது? அலை ஓடும் பாதையில் துத்தநாக ஆக்ஸைடை மெல்லிசாகப் பூசுகிறார்கள். வேர்க்குருவுக்குத் தடவுகிறோமே காலமைன் லோஷன், அதில் இருப்பதும் இதுதான். சாதாரண வெளிச்சம் இந்தப் பூச்சைக் கடந்து போய்விடும். புற ஊதாக் கதிர் பட்டால் மட்டும் உள்ளே கட்டுண்ட மின் துகள்கள் விடுபட்டுத் திரிந்து, ஓடுகிற அலையைத் துளி தாமதப்படுத்தும். ஈரப் புடவை காலைச் சுற்றினால் நடை தளராதா, அப்படி! எவ்வளவு தாமதம் என்று எண்ணிப் பார்த்தால் கதிரின் கடுமை தெரிந்துவிடும்.

குறையும் இருக்கிறது. நிழலுக்கு வந்த பிறகும் பூச்சு உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. சூடு பட்டாலும் கணக்கு மாறும். அதனால் கதிர் படாமல் மூடிய இன்னொரு சில்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது.

அதுவரை? உங்கள் நிழலையே பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அர்த்தம். குடையை எடுங்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கினால், புற ஊதாக் கதிரைத் தடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். தடுக்காத கண்ணாடி போடாததைவிடக் கெடுதல். கறுப்புக்குள் கண்ணின் பாப்பா விரிந்து, கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கித் தரும் கண்ணாடியை நம்பி உச்சி வெயிலில் விளையாட விடாதீர்கள்.