கூரை யாருக்குச் சொந்தம்?
பெர்லின் நகரம் கண்ட இரண்டு நியாயங்கள்

வாடகை வீட்டில் குடியிருப்போர்க்கு ஓர் அச்சம் உண்டு. வாடகை உயர்ந்துவிடுமோ என்பதன்று; அதை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சமாளித்துக் கொள்ளலாம். ஒருநாள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "அடுத்த மாதம் காலி செய்து கொடுங்கள்" என்று சொல்லிவிடுவாரோ என்பதே அந்த அச்சம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பாங்கோசை கேட்கும் தூரத்தில் இருக்கும் பள்ளிவாசல், அவசரத்துக்கு உதவும் அண்டை வீடு ஆகிய அத்தனையும் அந்த ஒரு சொல்லில் கைநழுவிப் போகின்றன. பிறகு வேறு வீடு தேடி அலையும்போது, நம் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் "வேறொருவருக்குப் பேசியாகிவிட்டதே" என்னும் விடையைக் கேட்டவர்கள் நம்மில் பலர்.

உறைவிடம் மனிதனின் உரிமை என்று உலக நாடுகள் எழுதிவைத்து நெடுங்காலம் ஆகிறது. 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆவது பிரிவு, உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றோடு வீட்டையும் சேர்த்தே கூறுகிறது. எதிர்த்து எந்த நாடும் வாக்களிக்கவில்லை. எட்டு நாடுகள் மட்டும் வாக்களியாது விலகி நின்றன. உழைப்பாளிகளின் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட சோவியத் யூனியன் அவற்றுள் ஒன்று என்பது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். (சவூதி அரேபியாவும் விலகியே நின்றது, அதன் காரணங்கள் வேறு, அவை வீட்டைப் பற்றியன அல்ல.) பின்னர் 1966-இல் உருவான பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையிலும் வீடு இடம்பெற்றது. இந்தியா 1979-இல் அதில் இணைந்தது.

ஏட்டில் உரிமை இருக்கிறது. அதைச் சுவரும் கூரையுமாக ஆக்கித் தருவது யார் பொறுப்பு? அரசின் பொறுப்பு என்றது சோஷலிசம். சந்தை பார்த்துக்கொள்ளும், வாங்க இயலாதவர்க்கு அரசு கொஞ்சம் கைகொடுத்தால் போதும் என்றது முதலாளித்துவம். இவ்விரண்டையும் நூல்களில் ஒப்பிட்டு வாதிடுவோர் பலர். ஆனால் இரண்டையும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், நடுவே ஒரு சுவரை வைத்துச் சோதித்துப் பார்த்த நகரம் ஒன்று உண்டு. அது ஜெர்மனியின் தலைநகர் பெர்லின்.

அந்நகரின் பழைய கதையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகியபோது வேலை தேடி வந்தோர்க்காகத் தனியார் கட்டிய அடுக்குக் குடியிருப்புகள், ஒரு முற்றத்தின் பின் மற்றொரு முற்றமாக உள்ளே உள்ளே நீண்டன. முற்றம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? தீயணைப்பு வண்டி திரும்பும் அளவுக்கு, அதாவது 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்றது 1853-ஆம் ஆண்டின் கட்டட விதி. உள்ளிருந்த குழந்தைகளுக்கு வெயிலும் காற்றும் வேண்டுமே என்று அவ்விதி எண்ணவில்லை. 1870-களில் எழுந்த 'மேயர்ஸ் ஹோஃப்' என்னும் ஒரே குடியிருப்பில் ஆறு முற்றங்கள்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். அக்காலத்தில்தான் ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினையைப் பற்றித் தம் புகழ்பெற்ற கட்டுரைகளை (1872-73) எழுதினார். தொழிலாளிக்கு ஆளுக்கொரு சிறுவீட்டைச் சொந்தமாக்குவதால் இது தீராது; முதலாளித்துவ உற்பத்தி முறையே ஒழிய வேண்டும் என்பது அவர் முடிவு.

அவர் வழியில் நடப்பதாகச் சொன்ன அரசு 1949-இல் கிழக்கு ஜெர்மனியில் அமைந்தது. 1968-ஆம் ஆண்டின் அதன் அரசமைப்புச் சட்டம், 37-ஆவது பிரிவில் ஒவ்வொரு குடிமகனுக்கும் அவன் குடும்பத்துக்கும் உறைவிட உரிமையை வழங்கியது. ஆனால் நாட்டின் பொருளாதாரமும் உள்ளூர் நிலைமையும் இடம் தரும் அளவுக்கு என்று ஒரு வாலையும் சேர்த்தே எழுதினார்கள்! 1973-இல் எரிக் ஹோனக்கரின் அரசு 1990-க்குள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவதாகப் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைப் பாரந்தூக்கிகளால் அடுக்கி, 1977 முதல் மார்ட்ஸான் போன்ற புறநகர்கள் எழுந்தன.

அவ்வீடுகளை அழகற்ற பெட்டிகள் என்று ஏளனம் செய்வோர் உண்டு. நிலக்கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்து, மாடிப்படியின் நடுவில் பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறையைப் பயன்படுத்தி வந்த ஒரு தாயின் இடத்தில் நின்று பாருங்கள். குழாயைத் திருகினால் வெந்நீர்; தனிக் குளியலறை; குளிர்காலத்தில் வெதுவெதுப்பான அறைகள். வாடகையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மார்க். வருவாயில் மிகச் சிறு பங்கு. குடியிருப்பவரை வெளியேற்றுவது அநேகமாக இயலாத காரியம். நாம் முதலில் பேசிய அந்த அச்சம் அங்கே இல்லை. இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த வீடு கிடைக்க வேண்டுமே! பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மணமானவர்க்கும் பிள்ளை பெற்றவர்க்கும் முன்னுரிமை என்பதால், வீடு கிடைக்கட்டும் என்றே இளவயதில் மணம் முடித்தோர் ஏராளம். யாருக்கு எது என்பதை முடிவுசெய்பவர் அதிகாரி. வாடகை அவ்வளவு குறைவு என்பதால் பழுதுபார்க்கப் பணமில்லை. புதிய புறநகர்கள் எழ எழ, பழைய தெருக்களில் கூரைகள் ஒழுகின, சுவர்கள் விழுந்தன. அங்கே காலியாகக் கிடந்த வீடுகளில் அனுமதியின்றி ஓசைப்படாமல் குடியேறிய இளைஞர்களும் இருந்தார்கள். 1988-இல் முப்பது லட்சமாவது வீடு விழா எடுத்து வழங்கப்பட்டது. அந்தக் கணக்கில் செப்பனிடப்பட்ட பழைய வீடுகளும் அடக்கம். மறு ஆண்டே சுவர் வீழ்ந்தது.

சுவருக்கு அப்பால், மேற்கு பெர்லினில் நடந்தது நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1961 ஆகஸ்டில் சுவர் எழுப்பப்பட்டதும் கிழக்கிலிருந்து வேலைக்கு வந்தோர் நின்றுபோயினர். அதே ஆண்டு அக்டோபரில் துருக்கியுடன் மேற்கு ஜெர்மனி ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. 'விருந்தினர் தொழிலாளர்' என்ற இனிய பெயருடன் வந்தோர் முதலில் விடுதிகளில் தங்கினர். 1973-இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டபின், ஊர் திரும்பினால் மீண்டும் வர இயலாது என்றறிந்து மனைவி மக்களை வரவழைத்தனர். அவர்களுக்குக் கிடைத்தவை கிராய்ட்ஸ்பெர்க் பகுதியின் பழைய முற்றத்து வீடுகளே. அவை இடிக்கப்படவிருந்தவை. எப்படியும் இடியப்போகும் வீட்டைப் பழுதுபார்ப்பானேன் என்று உரிமையாளர்கள் விட்டுவிட்டனர். அதுவரை வாடகை வந்தால் போதும். சந்தை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

அரசு கைகொடுத்ததா? 1975-இல் கிராய்ட்ஸ்பெர்க், வெட்டிங், டியர்கார்ட்டன் ஆகிய மூன்று பகுதிகளில் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறக் கூடாது என்று நகராட்சி தடை விதித்து, அதைக் கடவுச்சீட்டில் முத்திரையாகவே குத்தியது. ஏனைய பகுதிகளிலோ வீட்டுக்காரர்கள் துருக்கியர்க்கு வீடு தர விரும்பவில்லை.

கிழக்கே இது நடந்திராது என்று எண்ணிவிடாதீர்கள். 1980-களில் வியட்நாம், மொசாம்பிக் நாடுகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர்க்கு அந்த 37-ஆவது பிரிவு பயன்படவில்லை. அது குடிமக்களுக்கு உரியது. அவர்களுக்கு விடுதியில் ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர் இடம். குடும்பத்தை அழைத்துவர அனுமதி இல்லை. கருவுற்ற பெண் ஒன்று கருவைக் கலைக்க வேண்டும்; இன்றேல் நாடு திரும்ப வேண்டும். சகோதரத்துவத்தைப் பாடமாகக் கற்பித்த அரசு செய்த காரியம் இது.

அரபி மொழியில் குடியிருக்கும் இடத்துக்கு 'மஸ்கன்' என்று பெயர். மன அமைதியைக் குறிக்கும் 'ஸகீனத்', ஏழையைக் குறிக்கும் 'மிஸ்கீன்' என்னும் சொற்களையும் அகராதிகள் அதே வேரின் கீழ்தான் வைக்கின்றன. மாணவர்களுக்கு இவ்வேரைச் சொல்லித்தரும் போதெல்லாம், மூன்றில் முதலாவதைப் பெறாத மூன்றாமவனுக்கு இரண்டாவது எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றும்.

கிராய்ட்ஸ்பெர்க்குக்குத் திரும்புவோம். 1980-81-இல் இடிப்பை எதிர்த்து இளைஞர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் புகுந்து அமர்ந்தனர். தொடர்ந்த போராட்டத்தின் பயனாக, 1983-இல் நகரச் சட்டமன்றம் புதிய வழிமுறையை ஏற்றது: இடிப்பதற்கு மாறாகச் செப்பனிட வேண்டும், குடியிருப்போரைக் கேட்டே செய்ய வேண்டும், அவர்கள் அங்கேயே வாழ வழிசெய்ய வேண்டும். துருக்கியக் குடும்பங்கள் பல அதனால் அந்தத் தெருக்களில் நிலைத்தன. சந்தைப் பொருளாதாரம் நடந்த நகரத்தில்தான் இது நடந்தது. ஆனால் சந்தை தானாகத் தந்ததன்று.

1990-இல் இரு பெர்லின்களும் ஒன்றாயின. சோஷலிசம் தோற்றது, இனிச் சந்தையே போதும் என்னும் மிதப்பு எங்கும் பரவிய காலம் அது. கடனில் மூழ்கிய நகர அரசு, 2004-இல் தனக்குச் சொந்தமான வீட்டு நிறுவனம் ஒன்றை, ஏறத்தாழ 65,000 வீடுகளுடன், பன்னாட்டு முதலீட்டாளர்களுக்கு 40 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. வீடு ஒன்றுக்குச் சுமார் 6,200 யூரோ! நிறுவனத்தின் கடன்களை வாங்கியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியும் அது அடிமாட்டு விலையே. வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை. கைமாறிக் கைமாறி, பங்குச் சந்தையில் வணிகமாகும் பெருநிறுவனங்களிடம் அவ்வீடுகள் சென்று சேர்ந்தன. வாடகை ஏறியது.

2020-இல் நகர அரசு வாடகைக்கு உச்சவரம்பு கட்டியது. அதற்கு அந்த அதிகாரம் இல்லையென்று 2021 ஏப்ரலில் நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, 3,000-க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்திருக்கும் நிறுவனங்களிடமிருந்து அவற்றை ஈட்டுத்தொகை கொடுத்துப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெர்லின் மக்கள் வாக்களித்தனர். அவர்கள் சான்றுகாட்டியது மார்க்ஸின் நூலை அன்று. நிலத்தைப் பொதுவாக்கலாம் என்னும், மேற்கு ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவைத்தான். அது சட்டப்படி இயலும் என்று அரசு அமைத்த நிபுணர் குழுவும் 2023-இல் கூறியது. எனினும் அக்குழுவின் அறிக்கைக்குப் பின்னும் வீடுகள் நிறுவனங்களிடமே இருந்து வந்தன.

வாக்கெடுப்பு நடந்த அதே மாதம், ஏறத்தாழ 14,750 வீடுகளை இரு பெருநிறுவனங்களிடமிருந்து விலைக்கு வாங்க நகரம் ஒப்பந்தம் செய்தது. பல அதற்கு முன் பொதுச் சொத்தாக இருந்தவை. விலை 246 கோடி யூரோ. வீடு ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பழைய 6,200-ஐப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கிராய்ட்ஸ்பெர்க்கின் கோட்புஸ்ஸர் டோர் சதுக்கத்தில், வாடகை உயர்வை எதிர்த்துக் குடியிருப்போர் 2012 மே மாதத்தில் மரப்பலகைகளால் ஒரு குடிலை அமைத்தனர். துருக்கி வம்சாவளித் தாய்மார்களும் ஜெர்மானிய அண்டை வீட்டாரும் சேர்ந்து எழுப்பியது அது. அதற்கு 'கெஜெகொண்டு' என்று பெயரிட்டார்கள். துருக்கி மொழியில் 'ஒரே இரவில் கட்டப்பட்டது' என்று பொருள். கிராமங்களிலிருந்து இஸ்தான்புல்லுக்கும் அங்காராவுக்கும் பிழைக்க வந்த ஏழைகள், பொழுது விடிவதற்குள் எழுப்பிக்கொண்ட வீடுகளின் பெயர்.