முட்டைக்கு முன்பே தொடங்கும் காவல்

என் மகள்கள் இருவரும் இப்போது கருவுற்றிருக்கிறார்கள். மூத்தவள் லண்டனில் வசிக்கிறாள், இளையவள் கோவையில். இருவருக்கும் ஆஃப் பாயில் என்றால் உயிர். சிங்க முத்திரை உள்ள முட்டையாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று மூத்தவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகாத முட்டையைத் தொடவே கூடாது என்பது இளையவளுக்குக் கிடைத்த அறிவுரை. “கோழி ஒன்றுதானே அப்பா, முட்டையும் ஒன்றுதானே? பதில் மட்டும் ஏன் வேறு?” என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். கால்நடை மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற என்னால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல இயலவில்லை.

முட்டைக்குள் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா இரண்டு வழிகளில் நுழைகிறது. கோழியின் எச்சம் ஓட்டின்மீது படும்போது, ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியாக உள்ளே செல்வது ஒரு வழி. அந்தத் துளைகளை மூடிக் காக்கும் மெல்லிய படலம் ஒன்று இயற்கையிலேயே முட்டையின்மீது இருக்கிறது. நாம் குளிர்ந்த நீரில் முட்டையைத் தேய்த்துக் கழுவினால் அந்தப் படலம் சிதையும். ஓட்டின் மேலுள்ள கிருமி உள்ளே இழுக்கப்படவும் கூடும்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. சால்மோனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை, கோழியின் சினைப்பையிலும் முட்டைக்குழாயிலும் குடியேறிவிடுகிறது. கோழியிடம் நோயின் அறிகுறி எதுவும் தெரிவதில்லை. ஓடு உருவாவதற்கு முன்பே கிருமி உள்ளே இருக்கும். வெளியே முட்டை பளபளவென்று இருக்கும். எனவே, முட்டையைக் காக்கும் வேலை சமையலறையில் தொடங்கினால் போதாது. கோழியிடமிருந்தே தொடங்க வேண்டும்.

இதைப் பிரிட்டன் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருப்பதாக, சுகாதாரத் துறை இணையமைச்சராக இருந்த எட்வினா கரி 1988 டிசம்பரில் கூறினார். முட்டை விற்பனை சரிந்தது; இரண்டே வாரங்களில் அவர் பதவி விலக நேர்ந்தது. அவருடைய கூற்று மிகைதான் என்றாலும், கிருமி மெய்யாகவே பண்ணைகளில் இருந்தது. இலட்சக்கணக்கான கோழிகள் கொல்லப்பட்டும் சிக்கல் முடியவில்லை. 1998இல் தொடங்கிய சிங்க முத்திரைத் திட்டம்தான் நிலைமையை மாற்றியது. முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசி கட்டாயமாயிற்று. பண்ணையின் அடையாள எண் ஒவ்வொரு முட்டையிலும் அச்சிடப்படுகிறது. நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்த பிறகு, 2017இல், கருவுற்றவர்களும் முதியோரும் அந்த முட்டையை அரைவேக்காட்டிலேயே உண்ணலாம் என்று அந்நாட்டின் உணவுத் தர முகமை அறிவித்தது.

தடுப்பூசிக்கு முன்பே, இன்னொரு பாதையைப் பின்லாந்து காட்டியிருந்தது. 1971இல் அங்கே கறிக்கோழி வழியாக சால்மோனெல்லா பரவியது. அதை ஆராய்ந்த எஸ்கோ நூர்மியும் ரந்தாலாவும் ஓர் எளிய உண்மையைக் கண்டறிந்தனர். தாய்க்கோழியோடு குப்பையைக் கிளறி வளரும் குஞ்சு, தாயின் எச்சத்திலிருந்து நல்ல நுண்ணுயிரிகளைப் பெற்றுக்கொள்கிறது. பொரிப்பகத்தின் இயந்திரத்தில் பிறக்கும் குஞ்சு தாயைக் காண்பதே இல்லை. அதன் குடல் காலி மனையைப் போலக் கிடக்கிறது. முதலில் வரும் கிருமி அங்கே குடிசை போட்டுவிடுகிறது. வளர்ந்த கோழியின் குடலில் உள்ள நுண்ணுயிரிகளைப் பிறந்தவுடன் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, சால்மோனெல்லாவுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 1973இல் ‘நேச்சர்’ இதழில் இந்த ஆய்வு வெளியானது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள் நம்மவர்கள். மிதிப்பதற்குத் தாய் அருகில் இல்லாததுதான் குஞ்சுக்கு ஆபத்து என்பதை அந்த ஆய்வு காட்டியது.

பாக்டீரியாவைத் தின்றழிக்கும் வைரஸ்களைப் பயன்படுத்துவது மூன்றாவது பாதை. பெலிக்ஸ் தெரெல் என்ற அறிஞர் 1919இலேயே பிரெஞ்சுக் கிராமங்களில், கோழிகளைத் தாக்கும் டைபாய்டு நோய்க்கு எதிராக இதைச் சோதித்துப் பார்த்தார். ஆன்டிபயாடிக் மருந்துகளின் வரவால் மேற்குலகில் மறக்கப்பட்ட இம்முறை, இப்போது மீண்டும் ஆய்வுக்கூடங்களுக்கு வந்திருக்கிறது.

இவ்வளவு பாதைகள் இருந்தும், உலகின் பல பண்ணைகள் தேர்ந்தெடுத்தது குறுக்குவழியை. நோய் வருவதற்கு முன்பே, கோழி விரைவாக வளர்வதற்காகவும், தீவனத்தில் ஆன்டிபயாடிக்கைச் சிறிதளவு கலந்தார்கள். அது நல்ல நுண்ணுயிரிகளையும் கொன்று கிருமிக்கு இடம் ஒழித்துத் தருகிறது. தப்பிப் பிழைத்த கிருமியோ மருந்துக்கு அடங்காததாகிறது. வளர்ச்சிக்காக இவ்வாறு மருந்து தருவதை சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடைசெய்தன. வேறெந்த மருந்தும் பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகத் தரப்படும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க இந்தியா 2019இல் தடை விதித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், ஒரு மருந்தை விலக்கினால் போதாது; அதன் இடத்தில் தடுப்பூசியையும் தூய்மையையும் பரிசோதனையையும் வைத்தாக வேண்டும்.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. நாமக்கல் முட்டை நாடெங்கும் போகிறது. தமிழகப் பள்ளிகளில் சத்துணவுத் தட்டிலும் இருக்கிறது. அது முழுதும் வேகவைத்த முட்டை என்பதால் அச்சமில்லை. கடையில் அட்டையிலிருந்து எண்ணிக் கொடுக்கப்படும் முட்டை எந்தப் பண்ணையுடையது, அந்தக் கோழிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அறிய மட்டும் வாங்குபவருக்கு வழியில்லை. அந்த வழியை உண்டாக்குவது அரசின் கடமை. அதற்கு ஆகும் செலவை, ஏற்கெனவே விலை ஏற்ற இறக்கத்தில் தவிக்கும் பண்ணையாளர்களின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

இளையவளிடம் இறுதியாக இதைத்தான் சொன்னேன்: “உன் அக்காவுக்குக் கிடைத்திருக்கும் அனுமதி, அங்குள்ள பண்ணைகளின் பதிவேட்டை நம்பித் தரப்பட்டது. நம் ஊர் முட்டைக்கும் அப்படியொரு பதிவேடு வரும்வரை, விரிசல் விட்டதை ஒதுக்கிவிடு. கோழிக்கறியைக் குழாயடியில் கழுவிக் கிருமியைத் தெறிக்கவிடாதே. எதையும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடு.” அவளுக்கு அதில் வருத்தம்தான். அவள் பிள்ளை வளர்ந்து ஆஃப் பாயில் கேட்கும் காலத்திலாவது, இதே பதிலை நாம் சொல்லாதிருக்க வேண்டும்.