பழைய லென்ஸுக்கும் விலையுண்டு

பழைய பிலிம் கமெரா என்றால் இரும்புக்கடைக்குப் போகும் சாமான் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உடம்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. முன்னாலுள்ள லென்ஸின் கதை வேறு. கல்யாணப் படம், குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இப்போது அதைத் தேடி வாங்குகிறார்கள்.

புளியங்கூடலில் ஒரு வீட்டு அலுமாரியில் சோவியத் தயாரிப்பான செனிட் கமெரா ஒன்று கிடந்தது. நிறைக்கு எடுப்பவர் கேட்ட விலைக்கே கொடுக்க அந்த அம்மா தயாராக இருந்தார். அதிலிருந்தது 58 மில்லிமீற்றர் ஹீலியோஸ் 44-2 லென்ஸ். "லென்ஸுக்குத் தனி விலை இருக்கும்மா" என்று சொல்லித்தான் வாங்கினேன். வளையத்தோடு சேர்த்து அது விற்றும் போனது.

அந்த வளையத்தில்தான் வியாபாரமே இருக்கிறது. லென்ஸ் பொருந்தும் இடத்திலிருந்து படம் பதியும் தளம் வரை ஒவ்வொரு கமெராவுக்கும் ஒரு தூரம் உண்டு. 42 மில்லிமீற்றர் திருகுள்ள பழைய லென்ஸுகளுக்கு அது 45.46 மில்லிமீற்றர். கண்ணாடி வைத்த கெனன் டிஜிட்டலுக்கு 44. ஆகவே மெல்லிய வளையம் போதும். நிக்கோனுக்கோ 46.5. வெறும் வளையம் போட்டால் தூரத்துக் காட்சி தெளியாது. 2010இல் வந்த சோனியின் கண்ணாடியில்லாக் கமெரா வகைக்கு 18தான். மிச்ச இடத்தை நீள வளையம் நிரப்பும், ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸும் ஏறும். எனவே லென்ஸை எடுத்துக் காட்டுமுன் வந்தவரிடம் என்ன கமெரா என்று கேளுங்கள்.

போகஸும் வெளிச்சத் துவாரமும் கையால்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பைக் கமெராவில் போட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே "வேலை செய்யுதில்லை நானா" என்று திரும்பி வருவார்.

வாங்கும்போது டோர்ச் வெளிச்சத்தை லென்ஸின் உள்ளே அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோலத் தெரிந்தால் பூஞ்சணம். தீவுப்பகுதி ஈரக்காற்றில் பூட்டிக் கிடந்தவற்றில் இது சாதாரணம். கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தும் போகாது. அதை மறைத்து விற்காதீர்கள், குறையைக் காட்டியே விலை பேசுங்கள். ஜப்பானின் சூப்பர் டக்குமார் 50 மில்லிமீற்றர் 1.4 மஞ்சளாக இருந்தால் அது பூஞ்சணமல்ல. கண்ணாடியில் கலந்த தோரியத்தால் வந்த நிறம், வெயிலில் வைத்தால் குறையும். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் மற்றச் சரக்கோடு வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட தனிப் பெட்டியில் மூடி வையுங்கள்.