மென்பொருளோடு மூலப் பொதியையும் கேட்டு வாங்குங்கள்

கடைக்கு பில் போடவும் ஸ்டொக் பார்க்கவும் தனியாக மென்பொருள் செய்வித்த வியாபாரிகள் நம்மில் பலர். காசைக் கொடுத்தோம், வேலை நடக்கிறது என்று இருந்து விடுகிறோம். நம் கையில் இருப்பது சமைத்த சோறு மட்டும்தான். சமைத்த விதம், அதாவது மனிதர் எழுதிய 'சோர்ஸ் கோட்', செய்து தந்தவரிடமே இருக்கிறது.

அது ஏன் நமக்குத் தேவை? வற் வரியைப் பாருங்கள். 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வீதத்தை நாமே மாற்றிக்கொள்ள வசதி வைக்காத மென்பொருள் என்றால், ஒவ்வொரு முறையும் சோர்ஸ் கோட்டைத் திருத்தியே ஆக வேண்டும். செய்து தந்த பிள்ளை வெளிநாடு போய்விட்டால் யாரிடம் போவது?

சோர்ஸ் கோட்டை மட்டும் வாங்கி வைத்தாலும் போதாது. எந்த மென்பொருளும் பிறர் எழுதிய சிறு துண்டுகளையும் சேர்த்தே உருவாகிறது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற 11 வரித் துண்டை, எழுதியவர் இணையக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்கள் ஓடின. ஆனால் அந்தத் துண்டைச் சேர்த்துப் புதிதாக உருவாக்க முயன்றவர்களின் வேலை, அது திரும்ப வைக்கப்படும் வரை, உலகெங்கும் தடைப்பட்டது.

1993இல் ஆரம்பமான 'டெபியன்' என்ற இலவச மென்பொருள் திட்டத்தில் நல்ல ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் சோர்ஸ் கோட், அதை உருவாக்கத் தேவையான மற்றவற்றின் பட்டியல், உருவாக்கும் கட்டளைகள் மூன்றையும் ஒரே பொதியாக வைக்கிறார்கள்.

என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒப்பந்தத்திலேயே இந்தப் பொதியை எழுதுங்கள். சேர்த்த துண்டுகளின் பிரதிகளும் பதிப்பு இலக்கங்களும் அதில் இருக்கட்டும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் வேறொருவரை அழைத்து, வெற்றுக் கொம்பியூட்டர் ஒன்றில், இணையத் தொடர்பின்றி, பொதியிலிருந்து மென்பொருளை உருவாக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் பணத்தைக் கொடுங்கள்.

பலருக்கும் ஒரே மென்பொருளை விற்கும் கம்பனி சோர்ஸ் கோட்டைத் தர மறுக்கலாம். அது நியாயமே. அப்படியானால் பொதியை நடுநிலையான ஒருவரிடம் ஒப்படைத்து, கம்பனி மூடப்பட்டால் நீங்கள் பெறலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நமது கடன் கணக்கும் கொள்வனவுக் கணக்கும் அந்த மென்பொருளுக்குள்தான் இருக்கின்றன. பேரம் பேசும் நேரத்திலேயே இதையும் பேசி முடியுங்கள்.