விடை சொல்லும் கருவியும் வீட்டுப்பாடமும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி நாள் பள்ளி நாளா விடுமுறை நாளா என்பதை நாட்காட்டி மட்டும் முடிவு செய்வதில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் பூவும் கற்பூரமும் இளநீரும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்தம் பிள்ளைகளிற் சிலரை அன்று வகுப்பறையில் தேடிப் பயனில்லை. கடையோரத்தில் தேடினால் கிடைப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுள் ஒருத்தி ஏழாம் வகுப்பு மாணவி. தாய் பூக்கட்டி விற்பவர். எங்கள் ஆலய வளாகத்துப் பழைய மண்டபத்தில் மாலைதோறும் நடக்கும் படிப்பகத்துக்கு அவள் தவறாமல் வருகிறவள்.

சென்ற ஆண்டு ஒரு மாலை அவளுடைய கட்டுரை ஏட்டைப் புரட்டிக் கொண்டிருந்தேன். நிலத்தடி நீரைப் பற்றிய கட்டுரை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார். ஆனால் இரண்டாம் பத்தியில் ‘பல்துறைசார் அணுகுமுறை’ என்றொரு தொடர் என் கண்ணை உறுத்தியது. குருமடத்தில் பல ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் பயின்ற எனக்கே அத்தொடரைச் சரளமாகக் கையாள வராது.

“இதை யாரம்மா எழுதினது?” என்றேன்.

“நான்தான் ஃபாதர்.”

“அப்படியானால் பல்துறைசார் அணுகுமுறை என்றால் என்ன, சொல் பார்ப்போம்.”

சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். சற்று நேரம் கழித்து, “அண்ணன் போன்ல கேட்டேன் ஃபாதர். அதுவே எழுதிக் கொடுத்துச்சு. நான் பாத்து எழுதினேன்” என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறையுரையைக்கூட எழுதித் தருகிற கருவி வந்துவிட்டதாக இளங்குருக்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அதைப் பயன்படுத்தினால் என் பங்கு மக்கள் வேறுபாட்டைக் கண்டுகொள்வார்களா என்னும் வினாவை நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளத் துணியவில்லை! ஆனால் ஒன்று மட்டும் அன்றிரவு நெடுநேரம் மனத்தை அரித்தது. அந்தக் கட்டுரையில் கையெழுத்து ஒன்றே அவளுடையது. அதைப் பாராட்டிய ஆசிரியருக்கும், ஏட்டைப் பார்த்துப் பூரித்த தாய்க்கும் இது தெரியாது.

அன்பார்ந்த பெற்றோரே! ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் சொல் இன்று நடுநிலைப் பள்ளி வாயில்வரை வந்துவிட்டது. 2025 ஜூலையில் மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைச்சகம் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கென ‘சோர்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 15 மணி நேரம் கொண்ட மூன்று பாடத் தொகுதிகள் மாணவர்க்கு. 45 மணி நேரத் தொகுதி ஒன்று ஆசிரியர்க்கு. தமிழகத்திலும் ‘டி.என். ஸ்பார்க்’ என்ற பெயரில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவும் ரோபோ இயலும் கற்பிக்கும் முயற்சி தொடங்கப்பட்டது. மூன்றாம் வகுப்பிலிருந்தே இதனைப் பாடமாக்கப் போவதாக 2025 அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது.

இங்கே நாம் குழம்பிவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கற்பது வேறு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கணிதமும் மொழியும் கற்பது வேறு. மேற்கூறிய திட்டங்கள் பெரும்பாலும் முதல்வகையைச் சார்ந்தவை. அவை நல்லவையே, தையற்பொறி எப்படி ஓடுகிறது என்று அறிந்துகொள்வதைப் போன்றவை. நம் வீடுகளில் இரவு எட்டு மணிக்குக் கைபேசியின் வெளிச்சத்தில் நடப்பதோ இரண்டாம் வகை. அதற்குப் பாடத்திட்டமும் இல்லை, மேற்பார்வையும் இல்லை.

விற்பனைக்காரர்களின் ஆரவாரத்தையும் இவ்விடத்தில் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகிறேன். 2020-இல், பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்தில், பிள்ளைகளுக்கு இணையவழியில் கணினி நிரல் எழுதக் கற்பித்த ‘ஒயிட்ஹேட் ஜூனியர்’ நிறுவனத்தின் விளம்பரங்களில் ‘உல்ஃப் குப்தா’ என்றொரு சிறுவன் தோன்றினான். அவனுக்குப் பெரிய நிறுவனத்தில் கோடிக்கணக்கான சம்பளத்தில் வேலை கிடைத்ததாம்! அப்படி ஒரு சிறுவனே இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. இந்திய விளம்பரத் தர மன்றத்துக்கு முறையீடுகள் சென்றபின், அவ்வாண்டு அக்டோபரில் அந்நிறுவனம் ஐந்து விளம்பரங்களைத் திரும்பப் பெற்றது. இல்லாத சிறுவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெற்றோர் நாடெங்கும் எத்தனை பேரோ!

அப்படியானால் இக்கருவிகளால் நம் பிள்ளைகளுக்கு யாதொரு பயனும் இல்லையா? உண்டு. அதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் டெல்லியில் 619 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவர்தம் துணைவர்களும் நடத்திய ஆய்வு அது. பெரும்பாலும் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை பயின்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பாதிப் பேர் பள்ளி முடிந்ததும் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் கணினிப் பாட மையத்துக்கு வந்தார்கள். நாள்தோறும் 45 நிமிடம் கணினியுடன். மற்றொரு 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியருடன். அன்று அதன்மேல் ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயர்ப்பலகை இத்தனை பெரிதாக மாட்டப்படவில்லை. ஆனால் பிள்ளை தரும் விடையைப் பார்த்து அடுத்த வினாவை அதற்கேற்ப மாற்றிக்கொடுக்கும் திறன் அதற்கு இருந்தது.

அந்த ஆய்வு முதலில் வெளிப்படுத்தியது வேதனையான உண்மை ஒன்றை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோ நாலரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அதாவது, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் கரும்பலகையில் இயற்கணிதம் எழுதும்போது, எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளிற் பலர் நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நாற்பது பிள்ளைகளும் நாற்பது படிகளில் நிற்கும்போது ஓர் ஆசிரியர் எந்தப் படியில் நின்று பேசுவார்? கருவியோ ஒவ்வொருவரையும் அவரவர் நின்ற படியிலேயே சென்று சந்தித்தது. நாலரை மாதத்தில், மையத்துக்கு வந்த பிள்ளைகள் கணிதத்தில் கண்ட முன்னேற்றம் வராதவர்களின் முன்னேற்றத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஆயினும் பள்ளியின் கணிதத் தேர்வு மதிப்பெண்ணில் அது தெரியவில்லை! எட்டாம் வகுப்பு வினாத்தாளில் நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளையின் ஏற்றம் எப்படித் தெரியும்? மதிப்பெண் அட்டையை மட்டும் பார்த்துப் பிள்ளையைத் திட்டும் பெற்றோர் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

இதைப் படித்தபின் எங்கள் மண்டபத்தில் கிடந்த இரண்டு பழைய கணினிகளைத் தூசி தட்டினோம். இலவசமாகக் கிடைத்த ஒரு கணிதச் செயலியை அதில் ஏற்றினோம். நகரிலுள்ள கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவர், திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் பிள்ளைகளோடு அமர்வதாக ஒப்புக்கொண்டார்.

முதல் நாளே சிக்கல். பூக்கடைச் சிறுமியைச் சில வினாக்கள் கேட்ட செயலி, அவளை நான்காம் வகுப்புப் பாடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. திரையின் உச்சியில் ‘நான்காம் வகுப்பு’ என்று பெரிய எழுத்தில் தோன்றியதும் பக்கத்திலிருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் முறை வந்தபோது கல்லூரி மாணவி திரையின் மேற்பகுதியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி அவ்வெழுத்தை மறைத்திருந்தார். ஆயிரமாயிரம் வினாக்களைத் தயாரிக்கத் தெரிந்த அறிவுக்கு இந்தச் சிறு காகிதத்தின் தேவை தெரியவில்லை பாருங்கள்!

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவது அவள் வழக்கம். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. செயலி தவற்றைச் சரியாகக் கண்டுபிடித்தது. விளக்குவதற்காக வட்டமான பீட்சா ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டியது. சிறுமி அதை வியப்போடு பார்த்தாளே தவிர, கணக்கு ஏறவில்லை. அவள் பீட்சா உண்டதில்லை.

அவ்வேளை மகளை அழைத்துப்போக வந்த தாய் பூக்கூடையுடன் வாசலில் நின்றிருந்தார். “என்ன சாமி, இன்னும் முடியலையா?” என்று உள்ளே வந்தவர், கணக்கைக் கேட்டுவிட்டுக் கூடையிலிருந்து ஒரு முழச் சரத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார். “இது அரை முழம்.” பிரித்து, மூன்றாக மடித்தார். “இது மூணுல ஒண்ணு.” பிறகு மகளைப் பார்த்து, “அஞ்சுல ரெண்டுன்னா அரையைவிடக் கம்மி. அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிப் பாப்பா கம்மியாகும்?” என்றார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். சிறுமி சரத்தை வாங்கி ஆறு சமபங்காக மடித்துப் பார்த்து, மூன்று பங்கும் இரண்டு பங்கும் என்று தானே எண்ணினாள். அதன்பின் செயலி கொடுத்த பத்துக் கணக்குகளில் எட்டைச் சரியாகப் போட்டாள். அந்தப் பத்துக் கணக்குகளைச் சலிப்பின்றி, ஒவ்வொரு தவற்றுக்கும் உடனே பதில் கூறிக் கொடுக்க, பூ விற்று வந்த தாய்க்கும் நேரமில்லை, எனக்கும் பொறுமையில்லை. ஆகவே கருவியை நான் இகழமாட்டேன்.

ஆனால் கருவி எந்த வகையில் கையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 2024-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு, கேட்டதெல்லாம் சொல்லும் சாதாரண உரையாடல் கருவி. மற்றொரு பிரிவினர்க்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் துணையோடு அமைத்த கருவி. மூன்றாம் பிரிவினர்க்குப் புத்தகமும் ஏடும் மட்டுமே. பயிற்சி வேளையில் முதற்பிரிவினர் 48 விழுக்காடும் இரண்டாம் பிரிவினர் 127 விழுக்காடும் கூடுதலாகச் செய்தனர். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதற்பிரிவினர், கருவியைக் கண்ணாலும் காணாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தனர்! குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அத்தகைய இழப்பு ஏறக்குறைய நேரவில்லை. அண்ணன் கைபேசியில் எழுதப்பட்ட நிலத்தடி நீர்க் கட்டுரை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட ‘அந்திக்குவா எத் நோவா’ என்னும் ஏடும் இதே புண்ணில்தான் விரல் வைத்தது. இன்றைய செயலிகள் பல, மாணவர் தாமே விடை தேடவும் தாமே எழுதவும் தூண்டாமல், ஆயத்த விடையை நீட்டிவிடுகின்றன என்பது அதன் கவலை.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கும் பெற்றோர்க்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இத்தகைய உரையாடல் கருவிகளிற் பெரும் புகழ்பெற்ற ‘சாட்ஜிபிடி’, 13 வயது நிரம்பாதவர்க்கு உரியதன்று என்று தன் விதிகளிலேயே கூறுகிறது. 18 வயதுவரை பெற்றோர் இசைவு வேண்டும் என்றும் கூறுகிறது. 2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அண்ணன் கணக்கில் நுழையும் ஏழாம் வகுப்புச் சிறுமியை இவ்விதிகள் கண்டுபிடிக்கமாட்டா, தாய் கண்டுபிடிப்பார். “விடையைச் சொல்லாதே, ஒவ்வொரு படியாக என்னைக் கேள்வி கேள்” என்று தமிழிலேயே கட்டளையிட்டால் கருவி பெரும்பாலும் கீழ்ப்படிகிறது. நானே பலமுறை செய்து பார்த்தேன். ஆனால் அப்படிக் கட்டளையிடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நான் இன்னும் கண்டதில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

பக்கத்தில் இருப்பதன் வலிமையை இத்தமிழ்நாடே கண்டிருக்கிறது. கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. உள்ளூரில் படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒன்றரை மணி நேரம். திண்ணையோ கோயில் மண்டபமோ வகுப்பறை. மேற்சொன்ன கார்த்திக் முரளிதரனும் பிறரும் தமிழகக் கிராமங்களின் சிறு பிள்ளைகளை ஆராய்ந்து, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு சில மாதங்களிலேயே மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். கணினி ஏதும் அங்கே இல்லை. ஜவ்வாது மலையூர்களுக்கு நான் செல்லும்போது வழியிலேயே என் கைபேசி ஊமையாகிவிடும் இடங்கள் உண்டு. அங்கெல்லாம் இணையப் பாடம் என்று நாம் பேசுவது பட்டணத்துப் பேச்சாகவே ஒலிக்கும். திண்ணையில் அமரும் ஒரு பெண்ணின் குரல் அப்படி ஒலிக்காது.

எங்கள் மண்டபத்தில் இப்போது பதினேழு பிள்ளைகள். இரண்டு கணினிகள். ஒருவருக்கு இருபது நிமிடம் என்று முறை வைத்திருக்கிறோம். மற்றவர்கள் அதுவரை ஏட்டில் எழுதுகிறார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். பூக்கடைச் சிறுமி ஐந்தாம் வகுப்புப் பாடத்தை முடித்து ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்; திரையில் ஒட்டிய காகிதத்தைச் சென்ற வாரம் அவளே கிழித்தெறிந்தாள். கட்டுரையை மட்டும் இன்னும் அண்ணனின் கைபேசியில்தான் எழுதுகிறாளோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அடுத்த கட்டுரையை மண்டபத்திலேயே என் எதிரில் அமர்ந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். தலைப்பு, அவள் தாய் பூக்கட்டும் விதம்.

கல்லூரி மாணவிக்குத் தேர்வுகள் நெருங்குகின்றன. திங்கள், புதன், வெள்ளியில் அவர் வருகிறார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை பிள்ளைகளோடு அமர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். கணினி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.