சம்பந்தி பயம்

சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ 1963-ல் ஆனந்த விகடனில் வந்த தொடர், படம் கோபுலு. சிரிப்புக் கதைன்னு சொல்லி நகர்ந்துடுறோம். என் கவனம் போவது காசு விஷயத்தில். நம்மூர்க் கல்யாணத்தை அமெரிக்காவில் பார்க்க ஆசைப்பட்டு, ராக்ஃபெல்லர் சீமாட்டி முழுச் செலவையும் ஏத்துக்கிறார். அப்பளம் முதல் ஜானவாசம் வரை குறையில்லை. ஆனாலும் சம்பந்தி என்ன சொல்வாரோங்கிற உதறல் போகலை. பணக் கவலையைக் கழிச்ச பிறகும் மிஞ்சுற இந்த மரியாதை பயம்தான் சாவி குறிவைத்த இடம். கோபுலுவும் மூக்கை நீட்டிக் கேலி பண்ண மாட்டார்; ஆள் நிற்கிற தோரணையே போதும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து மண்டபங்களில் இப்போ டிரோன் கேமரா, செண்டை மேளம். முதல் பந்தியில் தாய்மாமனா, கம்பெனி மேனேஜரா என்ற பதற்றம் மட்டும் அப்படியே.