கையில் ஒன்று, கண்ணில் ஒன்று

வரப்போகும் வீடியோ கேமுக்காகக் காத்திருப்பதே ஒரு சுகம்தான். ஆனால் அந்தச் சுகத்துக்கு விலை கொடுப்பது இன்று கையில் இருக்கும் ஆட்டம்.

மொத்தம் ஒன்றரை நிமிடம்தான். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட அந்தச் சிறு படத்தில் ஆடுவதற்கு எதுவும் இல்லை. அது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையின் ஆறாவது ஆட்டத்துக்கான விளம்பரம், அவ்வளவே. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அது யூடியூபில் 9 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. ரசிகர்கள் அதைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்தார்கள். பின்னணியில் தெரிந்த பாலங்களையும் கட்டிடங்களையும் வைத்து, இன்னும் வராத ஊருக்கு வரைபடம் தயாரித்தார்கள். நிறுவனம் வெளியிட்ட படங்களில் தெரிந்த நிலவின் வடிவத்திலிருந்துகூட ரிலீஸ் தேதியைக் கணிக்க முயன்றவர்கள் உண்டு.

தேதியோ நழுவிக்கொண்டே போனது. முதலில் 2025 என்றார்கள். 2025 மே மாதத்தில் அது 2026 மே 26 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் ஓர் அறிவிப்பு: 2026 நவம்பர் 19.

இதற்கிடையே அந்த ரசிகர்களின் கையில் என்ன இருந்தது? வீடியோ கேம் வரலாற்றிலேயே மிக அதிகம் விற்ற ஆட்டங்களில் ஒன்று. 2013 செப்டம்பர் 17 அன்று வெளியான ஐந்தாவது பாகம் மூன்றே நாட்களில் 100 கோடி டாலருக்கு விற்றது. பிறகு 20 கோடிப் பிரதிகளையும் தாண்டியது. மலை, பாலைவனம், கடலடி என்று விரியும் அதன் உலகம் ஒரு காலத்தில் பிரமிப்பு. ஆறாவது பாகத்தின் பேச்சு கிளம்பியதும் பலருக்கு அது ரயில் நிலையத்தின் வெயிட்டிங் ரூம் ஆகிவிட்டது. உட்கார இடம் உண்டு, மின்விசிறி உண்டு. கண் மட்டும் தண்டவாளத்தின் மீதே இருக்கிறது. எதிர்பாராத எது நடந்தாலும் "ஆறாவது பாகத்துக்கு முன்னால் இது வந்துவிட்டதே" என்று இணையத்தில் கேலி செய்வது ஒரு வழக்கமே ஆனது.

இது பொறுமையில்லாத இளைஞர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் உளவியல் சொல்வது வேறு. காத்திருப்பில் உண்மையிலேயே இன்பம் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவென்ஸ்டீன் 1987-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மாணவர்களிடம் வேடிக்கையான கேள்வி ஒன்றைக் கேட்டிருந்தார். உங்களுக்குப் பிடித்த நட்சத்திரம் ஒரு முத்தம் தருவதானால் எவ்வளவு கொடுப்பீர்கள்? உடனே கிடைக்கும் முத்தத்தைவிட, மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் முத்தத்துக்கே அவர்கள் அதிக விலை சொன்னார்கள். நினைத்து நினைத்து மகிழ மூன்று நாள் கிடைக்கிறதே! 2010-ல் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடந்த ஆய்விலும் இதே சாயல். விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள், புறப்படுவதற்கு முன்பு மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, பெரும்பாலோரிடம் அந்த வித்தியாசம் இல்லை.

மூளைக்குள் நடப்பதும் இதற்கு ஒத்துவருகிறது. நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்து நடத்திய சோதனைகள் 1990-களில் பிரபலமாயின. குரங்குக்கு முதலில் ஒரு சைகை காட்டப்படும், பிறகு பழச்சாறு கிடைக்கும். ஆரம்பத்தில் சாறு கிடைக்கும்போது டோபமைன் நரம்பு அணுக்கள் துடித்தன. பழகிய பிறகு சைகையைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது அமைதியாக இருந்தன. எதிர்பார்த்த நேரத்தில் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. டிரெய்லர் வரும்போது குதிப்பதும், தேதி தள்ளிப்போகும்போது சோர்ந்துபோவதும் ரசிகர்களிடம் தினமும் பார்க்கக்கூடிய காட்சிதான்.

அப்படியானால் இந்தச் சுகத்தில் என்ன நஷ்டம்? பதில் ஹார்வர்டில் இருக்கிறது. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம், நாளின் பல வேளைகளில் செல்போன் வழியாக மூன்று விஷயங்கள் கேட்கப்பட்டன. இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? கிட்டத்தட்ட பாதி நேரம், சரியாகச் சொன்னால் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த வேளைகளில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. மனம் இனிமையான விஷயத்தை நினைத்து அலைந்தபோதும், செய்யும் வேலையில் ஒன்றியிருந்தபோது இருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை.

வீடியோ கேமுக்கு இது மற்ற பொழுதுபோக்குகளைவிட அதிகம் பொருந்தும். சினிமாவில் மனம் அலைந்தாலும் படம் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தில் ஆடுபவர் ஒன்றினால்தான் எதுவும் நகரும். கஷ்டமான எதிரியிடம் பத்து முறை தோற்று, பதினோராவது முறை வெல்வதில்தான் ருசி. "புதியது வந்ததும் இதை மூட்டை கட்டப்போகிறோம், எதற்கு இந்தச் சிரமம்?" என்ற எண்ணம் வந்துவிட்டால் ஐந்தாவது முறையிலேயே கை ஓய்ந்துவிடும். ஆட்டம் சலித்துவிட்டது என்று பேச்சு எழும். உண்மையில் ஆட்டத்தில் எதுவும் மாறியிருக்காது.

கையில் இருக்கும் ஆட்டம் மட்டுமல்ல, கண்ணெதிரே வரும் மற்ற ஆட்டங்களும் அடிபடுகின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு இயங்கும் டீம் செர்ரி நிறுவனம் 2017-ல் 'ஹாலோ நைட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியான 'சில்க்சாங்' 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பிறகு ஆண்டுகள் ஓடின. கேம் கம்பெனிகள் புது ஆட்டங்களை அறிமுகப்படுத்தும் நேரடி ஒளிபரப்புகளில், பக்கத்தில் ஓடும் அரட்டைப் பகுதி முழுக்க "சில்க்சாங் எங்கே?" என்ற கூச்சல். யாரோ நாலைந்து ஆண்டு உழைத்துச் செய்த வேறொரு ஆட்டம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு. 2025 ஆகஸ்டில், இன்னும் இரண்டு வாரத்தில் செப்டம்பர் 4 அன்று 'சில்க்சாங்' வருகிறது என்று திடீரென்று தேதி அறிவிக்கப்பட்டபோது சிறு நிறுவனங்கள் பதறின. 'டெமன்ஸ்கூல்', 'பேபி ஸ்டெப்ஸ்' போன்ற ஆட்டங்கள் தங்கள் ரிலீஸைத் தள்ளிவைத்தன. பெரிய நடிகரின் படம் வரும் வெள்ளிக்கிழமையில் சின்னப் படம் ஒதுங்குவதைப் போலத்தான்.

சில நேரங்களில் நிகழ்காலத்தைப் பட்டினி போடுவது ரசிகரின் மனமல்ல, கம்பெனியே. 2016-ல் வெளிவந்து கோடிக்கணக்கானவர்களை ஈர்த்த 'ஓவர்வாட்ச்' ஆட்டம் இதற்கு உதாரணம். 2019 நவம்பரில் பிளிஸர்ட் நிறுவனம் இரண்டாம் பாகத்தை அறிவித்தது. கூட்டாகச் சேர்ந்து ஆடும் விரிவான கதைப் பகுதிகள் அதில் உண்டு என்றது. அதற்குப் பிறகு பழைய ஆட்டத்துக்கு வந்த கடைசிப் புதுப் பாத்திரம் 2020 ஏப்ரலில் வந்த எக்கோ. பிறகு இரண்டரை ஆண்டுகள் புதுமுகமே இல்லை. 2022 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தபோது முதல் பாகத்தின் சர்வர்கள் மூடப்பட்டன. 2023 மே மாதத்தில், வாக்குறுதி தந்த கதைப் பகுதியின் பெரும் பங்கு கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. யாருக்காகக் காத்திருந்தார்களோ அது வரவில்லை. காத்திருந்த காலத்தில் கையில் இருந்ததும் போனது.

இந்தியாவுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. இரண்டே நாளில் நடிகர் அக்‌ஷய் குமார் ஃபௌ-ஜி என்ற இந்திய ஆட்டத்தை அறிவித்தார். பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸின் தயாரிப்பு. நவம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியதும் ஒரே நாளில் 10 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். பப்ஜியை இழந்தவர்கள் இன்னொரு பப்ஜியைக் கற்பனை செய்துகொண்டார்கள். 2021 குடியரசு தினத்தன்று வந்ததோ கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட, தனியாக ஆடும் சிறிய கைச்சண்டை ஆட்டம். பிளே ஸ்டோரில் அதன் மதிப்பெண் சில நாட்களிலேயே மளமளவென்று சரிந்தது. எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் வந்திருந்தால் ஒரு புது நிறுவனத்தின் முதல் முயற்சி என்று முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். ஐந்து மாத எதிர்பார்ப்பு அந்தச் சலுகையைப் பறித்துவிட்டது.

அதாவது, காத்திருப்பின் கடைசி பலி, காத்திருக்கப்பட்ட ஆட்டமேதான். போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2012-ல் அறிவித்த 'சைபர்பங்க் 2077' மூன்று முறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. முன்பதிவு செய்தவர்கள் மட்டுமே 80 லட்சம் பேர். பழைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளில் அது தட்டுத்தடுமாறியது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. திரும்ப வைத்தது 2021 ஜூனில்தான். பல திருத்தங்களுக்குப் பிறகு, 2023 செப்டம்பரில் கூடுதல் கதையோடு வந்தபோது அதே ஆட்டத்துக்கு அமோகப் பாராட்டு. எட்டு ஆண்டு காத்திருந்து முதல் நாளே முழு விலை கொடுத்தவருக்குக் கிடைத்தது பிழைகள். காத்திருக்காமல் மூன்று ஆண்டு கழித்து வாங்கியவருக்குக் கிடைத்தது நல்ல ஆட்டம்.

ஆனாலும் எதிர்பார்ப்பு எப்போதும் கெடுத்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. 'சில்க்சாங்' வரப்போகும் தேதி தெரிந்ததும் இன்னொன்றும் நடந்தது. எட்டு வயதான 'ஹாலோ நைட்டை' மீண்டும் தூசி தட்டி எடுத்தார்கள். ஸ்டீம் தளத்தில் அதை ஒரே நேரத்தில் ஆடியவர்களின் எண்ணிக்கை அதன் வரலாற்றிலேயே உச்சத்தைத் தொட்டது. தேதி தெரியாமல் ஆறு ஆண்டுகள் ஏங்கியபோது அந்த ஆட்டம் ஓர் ஏமாற்றத்தின் நினைவு. தேதி தெரிந்ததும் அதுவே பரீட்சைக்கு முந்தைய பாடம் ஆகிவிட்டது. எங்கே விட்டோம், யார் யாருக்கு உறவு, எந்தக் கதவைத் திறக்காமல் போனோம் என்று ஊன்றி ஆடினார்கள். வரப்போவது இன்றைய ஆட்டத்துக்கு அர்த்தம் சேர்த்தால் ருசி கூடுகிறது. இன்றைய ஆட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெடுகிறது.

காத்திருப்பே இல்லாமலும் வெற்றி சாத்தியம். 2019 பிப்ரவரி 4 அன்று 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' அறிவிக்கப்பட்ட அன்றே வெளியானது. ஒரு வாரத்தில் 2.5 கோடிப் பேர் ஆடினார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று 'ஆப்லிவியன்' ஆட்டத்தின் புதிய வடிவமும் அப்படியே வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கனவு எதுவும் இல்லாததால், இருப்பதை இருப்பதாகவே ரசிக்க முடிந்தது.

ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் இந்த வழிக்கு வருவதில்லை. காரணம் எளிது. காத்திருப்பவர் முன்பதிவு செய்கிறார். விமர்சனம் வருவதற்குள், ஆட்டம் எப்படியிருக்கிறது என்று தெரிவதற்குள் பணம் வந்து சேர்ந்துவிடுகிறது. இந்திய ரசிகருக்கு அது சின்னத் தொகை அல்ல. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இங்கே வந்தபோது கருவியின் விலை 49,990 ரூபாய். சோனியின் பெரிய ஆட்டங்கள் சிலவற்றின் விலை 4,999 ரூபாய். அந்த விலைக்கு வாங்கிய ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு அடுத்த டிரெய்லரை நிமிடக் கணக்கில் ஆராய்வது, இலையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பந்தியை எட்டிப் பார்க்கும் கதைதான்.

இதற்குப் பரிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. தேதி அறிவிக்காத ஆட்டத்துக்கு மனத்தில் இடம் ஒதுக்காமல் இருக்கலாம். டிரெய்லரை ஒரு முறை பார்த்து மகிழ்ந்துவிட்டு, பத்தாவது முறை பார்ப்பதைத் தவிர்க்கலாம். முன்பதிவுப் பணத்தை முதல் வார விமர்சனம் வரும்வரை பையிலேயே வைத்திருக்கலாம். தொடங்கிய ஆட்டத்தை முடிக்கலாம். ஆட்டக் கருவிகளும் தளங்களும் யார் எதுவரை ஆடினார்கள் என்று கணக்கு வைக்கின்றன. பெரிய ஆட்டங்கள் பலவற்றில் கதையைக் கடைசிவரை ஆடியவர்கள் வாங்கியவர்களில் பாதிப்பேர்கூட இல்லை. அடுத்த ஆட்டம் எப்போது வரும் என்று கேட்பவர்களில் பலரின் அலமாரியில், அவர்கள் இன்னும் பார்க்காத முடிவுக் காட்சி ஒன்றாவது காத்திருக்கிறது.